பிரக்கிராசியாரின் கீழ்த்துண்டு

ஹனோவர், 15 நவம்பர், சனி.

வெள்ளைக்காரக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசியாக வழக்குப் பேசிக்கொண்டே வண்ணத்துப்பூச்சி ஆராய்ந்தவரைப் பற்றி மூன்று வருடமாக எழுதுகிறேன். அவர் அனுப்பிய பூச்சிகள் இங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்று உதவிக்கு வந்த சுகன்யா, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு மணித்தியாலத்தில் என்னை முந்திவிட்டாள்.

பூச்சியைக் குத்தி வைத்த ஒவ்வொரு ஊசியிலும் அதற்குக் கீழே இரண்டு காகிதத் துண்டுகள் இருக்கும். நான் ஆங்கிலத்தில் இருந்த மேல்துண்டை மட்டும் படித்துவிட்டு, அவர் தமிழில் ஒரு சொல்லும் எழுதவில்லை என்று கட்டுரையின் முதல் வரியிலேயே அடித்துச் சொல்லியிருந்தேன். அவள் கீழ்த்துண்டைக் கழற்றினாள்.

"அண்ணை, இது தமிழெல்லோ? எனக்கு வடிவா வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசியுங்கோ."

வாசித்தேன். 'வழக்கு முடிந்து வரும்போது புளியடியில் பிடித்தது.'

அவள் கைதட்டிச் சிரித்தாள். "உங்கடை கட்டுரையிலை போடுங்கோ அண்ணை. என்ரை பேர் வேண்டாம்."

"ஓம்" என்றேன். அவள் கண்டுபிடித்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். அதை இவ்வளவு லேசாகத் தூக்கித் தந்ததுதான் எரிகிறது.

வீட்டுக்கு வந்து முதல் வரியை வெட்டினேன். புதிய வரி 'நான் கண்டெடுத்த துண்டொன்றில்' என்று தொடங்குகிறது. நாலு தரம் வாசித்துவிட்டேன். வெட்டக் கை வரவில்லை.