அலமாரியில் தொலைந்த நீலம்

மார்ச் 4

பழம்பொருள் கடைக்காரர் இன்று ஒரு ஜாடி கொண்டுவந்தார். பழைய ஃப்ளாம்பே என்றார். அந்த மெருகில் சிவப்புக்குள் நீலம் வழிய வேண்டும்; சூளைத் தீ தன் இஷ்டத்துக்குச் செய்யும் வேலை அது. இதில் மருந்துக்குக்கூட நீலம் இல்லை. "வெறும் சிவப்பை என் தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று கத்திவிட்டேன். மனிதர் ஜாடியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்.

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்த என் மனைவி, "அவ்வளவு நீலம் வழியுதே, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். முப்பது வருஷமாக என் ஜாடிகளைக் 'கருகின பானை' என்பவள். இவளுக்கு என்ன தெரியும்?

மார்ச் 5

சமையல் மேடையில் புதிதாக ஏதோ பழுப்பு ஜாடி, கரண்டிகள் செருகி. கதவோரம் நின்றே அரையிருட்டில் பார்த்தேன். ரசனை கிலோ என்ன விலை என்று கேட்பாள்.

மார்ச் 11

அலமாரி ஜாடிகளும் மங்கிவிட்டன. ஜன்னல் வெயில்தான். ஸ்டூலில் ஏறித் தடித்த திரை மாட்டினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "வெளுத்தது ஜாடி இல்லைங்க."

சூளையில் வெந்த மெருகு வெயிலில் வெளுக்காது. எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்! அப்படியானால் — கண்ணா?

மார்ச் 12

பயமா இருக்கு. இந்தக் கண்ணை வெச்சுத்தானே அத்தனையும் சேர்த்தேன். ஆபரேஷன்னு கத்தி பட்டு இருக்கறதும் போயிட்டா?

மார்ச் 19

கண்புரை. நன்றாக முற்றிவிட்டதாம். "பழுப்புக் கண்ணாடி வழியா பாத்துட்டு இருக்கீங்க. நீலம்தான் முதல்ல மங்கும்," என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாள். என் கையை மட்டும் விடவில்லை.

ஏப்ரல் 4

கண் கட்டைப் பிரித்தார்கள். அவளுக்கு இவ்வளவு நரையா! வாய்விட்டுச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். எல்லா நீலமும் இருந்தது. அழுதுவிட்டேன்.

கடைக்காரரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த ஜாடி இருக்கிறதா என்றேன். "அன்னிக்கு வாசல்லயே அம்மா வாங்கிட்டாங்களே சார்!"

சமையலறைக்கு ஓடினேன். கரண்டிகளுக்குக் கீழே, விளிம்பிலிருந்து அடிவரை நீலம் வழிந்திருந்தது.

"ஏன் சொல்லலை?"

"முதல்முறையா எனக்கு ஒண்ணு பிடிச்சுது. அலமாரில வெச்சா சண்டைக்கு வருவீங்க. இந்தப் பக்கம்தான் நீங்க வரவே மாட்டீங்களே."

ஒரு கரண்டியைக்கூட நான் எடுக்கவில்லை. ஜாடி அங்கேயே இருக்கட்டும். நாளையிலிருந்து காலை டீ நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.