முகம் விழாத படம்

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்றும் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என் போன் கேமராமேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினான். உள்ளே படம் எடுத்துவிடுவோமாம். இந்த அசெம்பிளி லைனை எடுத்து யார் பார்க்கப்போகிறார்கள்? என் குறும்படத்தில் கம்பெனி ஒரு நொடிகூட வராது. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு பெண் அம்மாவோடு போனில் பேசுகிறாள். அவ்வளவுதான். அதை முடித்தால்தான் நானும் மனுஷன்.

ஞாயிறு ஓ.டி., ஓவர்டைம் வேலைக்கு, வரமாட்டேன் என்றேன். சூப்பர்வைசர் கோதண்டராமன் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா டைரக்டர் சார், ஹீரோயின் காத்துக்கினு கீறாளா?"

13 ஜூலை, ஞாயிறு

எடுத்தாச்சு. நடித்தவள் பக்கத்து லைன் சுகப்பிரியா. கான்ட்ராக்ட் முடிந்து நாளை சொந்த ஊர் கோவில்பட்டிக்கே போகிறாள். இன்று விட்டால் கிடையாது. நான் எழுதிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்: "நல்லா இருக்கேம்மா. காத்து அருமையா வருது. ஒரு குறையும் இல்ல." வெயிலில் போன் திரை சரியாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் எடுத்தேன்.

14 ஜூலை

நாசம். அத்தனையும் மங்கல். ஸ்டிக்கரைப் பிய்த்தேனே, பசையைத் துடைச்சேனா? தினமும் ஒட்டுறான், தினமும் பிய்க்கிறேன் — லென்ஸ்ல பசை மிஞ்சும்னு தெரியாதா எனக்கு? அவ முகமே இல்ல. வெள்ளையா என்னவோ அசையுது. அவ ரயில் ஏறியாச்சு. செருப்பால அடிக்கணும். செக்யூரிட்டியை இல்ல, என்னை. இல்ல, அவனையும்தான்.

16 ஜூலை

அந்த மங்கலையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

20 ஜூலை, ஞாயிறு

அறையில் கூட இருக்கிற நயினார் சொன்னான்: "ஏல, சத்தம் நல்லாத்தான கேக்கு? படத்த மட்டும் மாத்து." எதை வைத்து மாற்ற? ஆளே ஊரில் இல்லை. வந்த ஆத்திரத்தில் ஓ.டி. முடிந்து வந்த கம்பெனி பஸ்ஸில் ஏறி, வாயைப் பிளந்து தூங்குகிறவர்களை எடுத்தேன். சுகப்பிரியாவின் ஹாஸ்டல் தோழி சசிரேகா, குளியலறை வரிசையையும், ஒருத்தி எழுந்ததும் அடுத்த ஷிப்ட்காரி படுக்கிற பாயையும் எடுத்து அனுப்பினாள். போங்கடா, சுகப்பிரியா குரலுக்கு இதையே படமா போடுறேன்.

3 ஆகஸ்ட்

முடித்த படத்தை சுகப்பிரியாவுக்கு அனுப்பியிருந்தேன். இன்று போன் செய்தாள். "எம் மூஞ்சி எங்கண்ணே?" என்று முதலில் திட்டினாள். நியாயம்தான். பிறகு சொன்னாள்:

"அம்மாவும் கூட இருந்து பாத்தா. பாதியில நிறுத்தச் சொல்லிட்டு, 'ஏட்டி, இப்பிடி ஒரு எடத்துல இருந்துக்கிட்டா நல்லா இருக்கேன்னு சொன்ன?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"மீதியப் போட்டுக் காட்டுனேன்."