கதவருகே அடித்த பெரட்டு

அன்புள்ள மருமகனுக்கு,

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சிங்கப்பூர் ஃபேக்டரியில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் குழம்பிவிடும் என்று பண்டார் தெங்காரா ஊர்க் கூட்டத்திலேயே பேசியவன் நான். மேடையிலிருந்த புரொபசரே எழுந்து கைதட்டினார்.

வேலையை விட்ட பிறகும் உனக்குத் தூக்கம் திரும்பவில்லை. விடிந்ததும் எழுப்பிவிட்டால் சரியாகும் என்று, தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்க, ஆள் கூப்பிடுவதுபோல் தினமும் உன் கதவருகே எவர்சில்வர் தட்டை அடித்தேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் லா மாமா, படபடன்னு வருது" என்றாய். அதோடு கதவைப் பூட்டியவன் எங்களிடம் பேசுவதே இல்லை. அதனால்தான் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

தம்போய் மனநல ஆஸ்பத்திரி டாக்டரிடம் நானே போனேன். என் அறிவைப் பார்த்துத் தன் நாற்காலியையே கொடுத்தார். "கவலையில தூக்கம் கெடுது, தூக்கம் கெட்டு கவலை கூடுது. போகப்போகப் பழையபடி ஆயிடுவாரு" என்றார்.

உன் அம்மா சோற்றை வாசலில் வைத்திருக்கிறாள். சாப்பிடு.

இன்னொன்று. பழையபடி ஆவாய் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆவானா என்று நான்தான் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உன் தாய்மாமன்