ஆயிரத்து ஐநூறு பைட்டுக்குள்

பதிவு 1 | 09:10 | நிலவு, இடைநிலைக் கோபுரம்

கருவிகள் சீர். வெப்பநிலை சீர். கோபுரத்தில் ஆள் நான் ஒருவன்தான்: சவரிராயன், தொலைபேசிப் பிரிவு. முகட்டுக்கு அப்பால் உள்ள தளத்தில் ஆளில்லாத மீட்பு வண்டி நிற்கிறது. பள்ளத்தில் ஐந்து பேர் துளையிடுகிறார்கள். அவர்கள் தலைவி பூங்கோதை அனுப்பிய குறுஞ்செய்தி: “அய்யா, டீ குடிச்சாச்சா? இல்ல, அதுக்கும் பட்டியல் போட்டு டிக் அடிச்சுக்கிட்டு இருக்கீங்களா?”

குடித்துவிட்டேன். டிக் அடித்ததும் உண்மைதான்.

பதிவு 2 | 11:40

அவர்கள் ஊர்தி பிளவுக்குள் சரிந்துவிட்டது. உள்ளே காற்று இல்லை. ஐவரும் விண்ணுடையில் இருக்கிறார்கள். உடைக்காற்று இரண்டரை மணி நேரத்துக்கு வரும். மீட்பு வண்டி அவர்களுடைய தொலைபேசியின் அவசர அழைப்புக்கு மட்டுமே கிளம்பும். நான் அழைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அவர்கள் அழைப்பும் போய்ச் சேரவில்லை.

பதிவு 3 | 12:25

காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவசர அழைப்பின் முதல் செய்தியோடு, இயங்கும் ஒவ்வொரு உடையின் விவரமும் தானாகச் சேர்ந்துகொள்கிறது. ஐந்து உடைக்கு மொத்தம் 1840 பைட். 1500-ஐத் தாண்டினால் செய்தி இரண்டு துண்டாகிறது. தளத்துக் கணினியின் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பது முதல் துண்டில் மட்டும் இருக்கிறது. இரண்டாவதை, முகட்டின் மேல் இருந்து செய்திகளைத் தளத்துக்குக் கடத்தும் கருவி, அடையாளம் தெரியாததென்று எறிந்துவிடுகிறது. பாதிச் செய்தியைத் தளம் ஏற்பதில்லை.

முகட்டுக் கருவி என் கட்டளைக்குப் பணியவில்லை. ஏறிப்போக ஒரு நாள் ஆகும்.

பதிவு 4 | 12:50

பூங்கோதை: “அய்யா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. என்னதான் கோளாறு?”

எங்கள் பிரிவின் முறைப்படி எல்லாவற்றையும் எழுதினேன். காரணம், அளவு, ஓர் உடைக்கு 240 பைட், அணைந்த உடையின் விவரம் சேராது. எங்களுக்கிடையே முகடு இல்லை. முழுதாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் என் கடைசி வரியை நானே படித்தேன்.

உடனே அனுப்பினேன்: “யாரும் எதையும் அணைக்காதீங்கம்மா. வேற வழி பாக்குறேன்.”

“பாருங்கய்யா. நாங்களும் கணக்குதான் போட்டுக்கிட்டு இருக்கோம்.”

பதிவு 5 | 13:05

அழைப்பின் தலைப்புச் சொற்களைச் சுருக்கச் சொன்னேன். சுருக்கினார்கள். 1790. போதாது. நால்வருக்கே 1550 வருகிறது. நால்வர் என்று ஏன் கணக்கிட்டேன்?

பதிவு 6 | 13:24

அழைப்பில் உள்ள தொலைபேசியின் பெயர்வரியை அழித்தால் அறுபது குறையும். நால்வருக்கு 1490. ஐவருக்கு வழியில்லை. இதை அனுப்பினால் ஒருவரை உடையை அணைக்கச் சொல்வதாகும். அனுப்பாவிட்டால்

மறுபடி கூட்டிப் பார்க்கிறேன். தவறாக இருக்கலாம்.

பதிவு 7 | 13:31

அழைப்பு முகட்டைக் கடந்தது. அளவு 1310. வண்டி கிளம்பிவிட்டது. ஒலி தெளிவு.

“அய்யா, இம்தியாஸ் பேசுறேன். நாங்க மூணு பேர் இருக்கோம். நீங்க கணக்கைச் சரியாத்தான் போட்டிருக்கீங்கன்னு பூங்கோதையக்கா சொல்லச் சொன்னாங்க. அப்புறம் அவங்களும் சேதுவும்… அய்யா? லைன்ல இருக்கீங்களா?”

இருக்கிறேன். பெயர்வரியை அழிக்கச் சொல்லி எழுதிய செய்தி அனுப்பப்படாமல் திரையில் இருக்கிறது.

நால்வருக்கு 1490 சரிதான். மூன்று முறை கூட்டிவிட்டேன்.