ஐந்து பேருக்கு ஒரு பெட்டி

சேலையூர்
20.10.1974

அன்புள்ள மகள் ஞானஜோதிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய தயவினால் நானும் அப்பாவும் சாலமோனும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குக் குறைவில்லாமல் போய் வர ஜெபிக்கிறோம். எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை, ஏன் என்று படித்துக்கொண்டே போனால் உனக்கே தெரியும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷனைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதுவரை பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

உன் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம் சர்ச் ஆபீஸ் விலாசத்துக்கு அவன் பேருக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தது எனக்குத் தெரியும். நான் அதைப் பிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வர முடியாத கடிதத்தில் அப்படி என்ன இருக்கும் என்று அன்றிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே அவன் ஒரு புதுப் பேச்சை எடுத்தான். அவனும் சிநேகிதர்கள் நாலு பேரும் நம் முன் அறையில் பாட்டு ஒத்திகை பார்க்கிறார்கள் அல்லவா, இவன் டிரம் அடிக்க இவன் பக்கத்திலேயே அந்தப் பெரிய ஸ்பீக்கர் அலறும், பக்கத்து வீட்டு ராஜகோபால் சார் இரண்டு தடவை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார். இனிமேல் ஸ்பீக்கரே வேண்டாமாம், ஐந்து பேரும் ஹெட்போன் மாட்டிக்கொள்வார்களாம், ஐந்துக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு பெட்டி மட்டும் வேண்டுமாம், கிறிஸ்துமஸ் பாட்டுகளை டேப்பில் பதிவு செய்யும்போதும் அது உதவுமாம். சத்தம் குறைந்தால் நல்லதுதானே என்றார் அப்பா. மூன்று வருஷமாகச் சத்தத்தைக் குறை என்று நான் சொல்லிக் கேளாத பிள்ளை தானாக ஏன் குறைக்கிறான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இவர்களை ஏதாவது ஹோட்டலில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், வேலையை விடப் போகிறான், அது உனக்கும் தெரியும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டினவள் நான். அதனால் பெட்டி வாங்குகிறபோது நானும் கூட இருப்பேன் என்று சொன்னேன். முதலில் இரும்புலியூரில் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஜெயவேலு வந்தார். நூற்று இருபது ரூபாயில் தானே செய்து தருவதாகச் சொன்னார். இவ்வளவு குறைவாகச் சொல்கிறாரே, பழைய ரேடியோவைப் பிரித்து அதன் சாமான்களைப் போடுவாரோ என்று எனக்குச் சந்தேகம். அதைவிட, தம்பி எப்பவும் எந்தப் பக்கம் உக்காரும்மா என்று அவர் என்னிடம் தனியாகக் கேட்டது இன்னும் உறுத்தியது. பெட்டி செய்கிறவருக்கு அது எதற்கு? பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை லாசரஸ் என்று ஒருவர் டாக்ஸியில் வந்து இறங்கினார், கிடாரிஸ்ட் பையனுக்குத் தெரிந்தவராம். கப்பலில் வந்த பெட்டி என்று வெள்ளி நிறத்தில் ஒன்றை மேசைமேல் வைத்தார், கூடவே ஐந்து ஹெட்போன்கள், எல்லாம் சேர்த்து நானூறு என்றார். வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய காகிதம் கோணலாக இருந்தது, திருகாணிகளில் புதுக் கீறல். ஒரு ஹெட்போனைச் செருகி ஒவ்வொருவர் காதிலும் வைத்துக் காட்டினார், பையன்கள் பிரமாதம் என்றார்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் செருகுங்கள் என்றேன். அவர் வாட்சைப் பார்த்தார். நான் விடவில்லை. ஐந்தும் ஏறினதும் சத்தம் ஒரே குழாயில் ஐந்து குடம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது, ஒருவருக்கும் சரியாகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு குமிழ்தான், அதைத் திருகி ஏற்றினால் பாடுகிற பையனுக்குக் காது வலிக்கிறது, இறக்கினால் கிடாரிஸ்ட் கேட்கவில்லை என்கிறான்.

அப்போதுதான் சாலமோன் தன்னுடைய ஹெட்போனைக் கழற்றி, இது சுத்தமாக வேலை செய்யவில்லை என்றான். லாசரஸுக்குக் கோபம் வந்துவிட்டது, நன்றாக வேலை செய்கிறது என்றார். நான் வாங்கி மாட்டினேன். இடது பக்கத்தில் ஒன்றுமில்லை, வயர் விட்டுப்போயிருந்தது. ஆனால் வலது பக்கத்தில் பாட்டு தெளிவாகக் கேட்டது. கிடாரிஸ்ட்டிடம் கொடுத்தேன், அவனும் வலது பக்கம் கேட்கிறது என்றான். சாலமோன் குனிந்து டிரம் குச்சிகளை எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்குக் கேட்டது அவனுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை ஜோதி? பெட்டி வேண்டாம் என்று லாசரஸை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவன் கொல்லையில் கண்ணாடி மாட்டி ஷேவ் செய்துகொண்டிருந்தான். அவனுக்கு வலது பக்கமாக, கண்ணாடியில் தெரியாதபடி நின்று, சாலமோன் என்று மெதுவாகக் கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன். அவன் பாட்டுக்குக் கன்னத்தை மழித்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினான், என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஏப்ரல்லேர்ந்தே அந்தக் காது கேக்கலம்மா. அக்காவுக்குத் தெரியும்" என்றான்.

உன் கடிதத்தைப் பிறகு அவனே எடுத்துக் கொடுத்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காராதே, உடனே காது டாக்டரைப் பார், ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழகு, பெட்டியை நான் வாங்கி அனுப்புகிறேன், அம்மா பயப்படுவாள் என்று எழுதியிருக்கிறாய். நர்ஸாக நீ எழுதினது எல்லாம் சரி. ஆனால் அவன் அதில் பெட்டியை மட்டும்தான் எடுத்துக்கொண்டான், டாக்டரிடம் போகவில்லை. மூன்று மாதம் போய்விட்டது. எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நான் பயந்திருப்பேன், பயந்துகொண்டே அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை அவனுக்கு லீவு போடச் சொல்லி, மின்சார ரயிலில் எழும்பூர் போய்ப் பெரிய காது டாக்டரைப் பார்த்தோம். வலது காதில் போனது திரும்பாது என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன், அதை இனிச் சொல்ல முடியாதம்மா, இடது காதை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார். ரயிலில் வரும்போது டிரம்மை விற்றுவிடட்டுமா என்று அவன் கேட்டான். எனக்கு ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலில் ஜெயவேலுவைப் பார்ப்போம் என்றேன்.

ரயிலை விட்டு இறங்கி நேரே இரும்புலியூர் ஜெயவேலு கடைக்குத்தான் போனோம். எந்தப் பக்கம் உட்காருவான் என்று ஏன் கேட்டீர்கள் என்றேன். "அன்னிக்கு வலப்பக்கம் நின்னுகினு ரெண்டு வாட்டி கூப்ட்டேன்மா, தம்பி திரும்பவே இல்ல. நான் சொன்னா நீங்க தப்பா நெனச்சிக்குவீங்கன்னு வுட்டுட்டேன்" என்றார். நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன், அதை அவரிடமே சொன்னேன். அவர் பத்து நாளில் பெட்டியைச் செய்து கொண்டுவந்தார், வெறும் தகரப் பெட்டிதான், ஆனால் ஐந்து பேருக்கும் தனித்தனிக் குமிழ், தனித்தனியாகச் சத்தத்தைப் பெருக்குகிற சாமானும் உள்ளே இருக்கிறது. ஒருவர் ஏற்றினால் மற்றவருக்கு இறங்குவதில்லை. பையன்கள் இரவல் வாங்கி வந்த ஐந்து ஹெட்போன்களையும் செருகி, ஒவ்வொன்றாக நானே மாட்டிப் பார்த்தேன். சாலமோனுடைய குமிழ் பாதிக்கு மேல் திரும்பாதபடி ஒரு தடை வைக்கச் சொன்னேன், அவன் முன்னாலேயேதான் சொன்னேன். அவன் சரி என்றான். அதனால் நீ அங்கே ஒன்றும் வாங்காதே, கஸ்டம்ஸுக்குத் தீர்வை கட்டி மாளாது, பழுதானால் பார்க்க இங்கே ஆளும் இல்லை.

நேற்று முன் அறையில் பதிவு நடந்தது. ஐந்து பேரும் காதை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார்கள், இவன் கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றால் டிரம்மைத் தடவுகிறான், பாடுகிற குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது. எதிர்வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டுப் போனார்கள். டேப்பைப் போட்டுக் கேட்டபோது எல்லாம் பொருந்தி வந்திருந்தது. சாலமோன் இடது காதைத் திருப்பிக்கொண்டு கடைசிவரை கேட்டான், அப்புறம் இன்னொரு தடவை போடச் சொன்னான். இப்போது சாப்பிட உட்காரும்போது அவனுக்கு இடது பக்கம் நானும் எதிரில் அப்பாவும் உட்காருகிறோம்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, எழுத எழுதக் குறைந்துவிட்டது. ஆனால் ஒன்று. உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் சுகமாக இருக்கிறேன் என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறாய், ஆகஸ்ட் கடிதத்தில் மட்டும் கையெழுத்து கோணிப் போயிருக்கிறது, பேனாவும் வேறு. அம்மா பயப்படுவாள் என்று எதையும் விடாமல், இந்தத் தடவை நேரே என் பேருக்கு எழுது. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவும் தம்பியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே.

உன் அன்புள்ள அம்மா,
யூனிஸ் தேவானந்தம்