மூன்று தடவை கூப்பிட்டார்கள்

ஜூன் 4, செவ்வாய்

காலையில் பேக்கரிக்குப் போனால் கண்ணாடிக் கதவில் என் படம். கீழே முதலாளி பேரி கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "உலகப் போட்டிக்குப் போகும் ரேலீன் நோஸ்கி இங்கேதான் இறைச்சி பை விற்கிறார்." படத்தில் நான் தண்ணீரைவிட்டு வெளியே வருகிறேன். குட்டையில் விழுந்து எழுந்த பசுவின் முகம். அதைப் பார்த்த பிறகும் ஒருவர் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட அந்தப் பையை வாங்குகிறார் என்றால் அவருக்கு நிஜமாகவே பசி.

நாள் முழுக்க வாழ்த்து. "நாட்டுக்காக ஆடப் போற, ரேலீன்!" என்று தபால்காரர் கையைக் குலுக்கினார். ஆட இல்லை. நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓட. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமாராகச் செய்ய.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதிவைக்கிறேன். மார்ச்சில் நடந்த தேர்வுப் போட்டியில் ஐம்பத்தைந்து முதல் ஐம்பத்தொன்பது வயதுப் பெண்கள் மொத்தம் பதினோரு பேர். நான் ஒன்பதாவது. பத்தாவது வந்தவளுக்கு டயர் பஞ்சர். பதினோராவது ஆள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டாவது கோரலி. முப்பது வருடத் தோழி, என்னைவிடப் பதினொரு நிமிடம் முன்னால் வந்தவள்.

நவம்பரில் நியூசிலாந்தில் நடக்கும் உலகப் போட்டிக்கு ஆறு இடம். யாராவது வேண்டாம் என்றால் அந்த இடம் அடுத்தவருக்கு இறங்கும். சாயங்காலம் அரங்கில் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். ஆள் அங்கேயே இருந்து கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அடுத்த பெயர். முன்னால் வந்தவர்களில் இரண்டு பேர் வேண்டாம் என்றதால் கடைசி இடம் கோரலிக்கு இறங்கியது. கூப்பிட்டார்கள். அவள் அங்கே இல்லை. எனக்குக் குளிர்கிறது என்று நான் சொன்னதால், என் ஸ்வெட்டரை எடுத்துவரக் காருக்குப் போயிருந்தாள்.

மூன்று தடவையும் எனக்குக் கேட்டது. "வெளியே போயிருக்கா, இதோ வந்துடுவா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார்கள். ஆண்கள் பிரிவில் ஒருவருக்கு அப்படிப் பொறுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து என் பெயர். முதல் தடவையிலேயே கை தூக்கினேன். என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

ஜூன் 5, புதன்

கோரலியிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வாரமே.

ஜூலை 14, ஞாயிறு

எங்கள் வீட்டில் பார்பெக்யூ. என் வீட்டுக்காரர் ட்ரெவர் கறியைக் கருக்கினார், எப்போதும்போல. கோரலி நொண்டிக்கொண்டே வந்தாள். வலது முட்டியை டிசம்பரில் மாற்றப்போகிறார்கள். அதற்குப் பிறகு நடக்கலாம், நீந்தலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதாவது மார்ச்சில் போனது அவளுடைய கடைசி வாய்ப்பு. இதை உருளைக்கிழங்கு சாலட்டுக்கு நடுவில் சொல்கிறாள், மழை வரும்போல என்கிற மாதிரி.

பிறகு வழக்கமான கதை. எல்லாரும் கேட்டுச் சலித்தாலும் விடமாட்டாள்.

"இவளுக்குக் குளுருதுன்னு ஸ்வெட்டர் எடுக்கப் போனேன். ஸ்வெட்டர் கெடைச்சுது, உலகப் போட்டி போச்சு! அந்த ஆளு மைக்ல 'கோரலி டன்ஸ்டன்'ங்கறான். மறுபடி 'கோரலி டன்ஸ்டன்'. அப்புறம் மைக்கே கிழியற மாதிரி ஒரு தும்மல். மூக்கைத் துடைச்சுக்கிட்டு மூணாவது தடவை கூப்பிடறான். நானோ காருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கறேன்!"

அந்தத் தும்மலை அவள் தும்மிக் காட்டினால் அந்த ஆளே எதிரில் நிற்கிற மாதிரி இருக்கும். ட்ரெவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இவ எங்கடான்னு கேளுங்க. பின் வரிசைல உக்காந்து வாழைப்பழம் தின்னுக்கிட்டு இருந்தாளாம். ஒண்ணுமே காதுல விழலையாம்! இல்லடி ரேலீன்?"

வாழைப்பழம் நான் சொன்ன பொய். அதற்கு மேல் ஒரு பொய் வேண்டியிருக்கவில்லை. அதுவே எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. "ஆமா" என்றேன். சாலட்டை எடுத்து நீட்டினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இங்கே ஆகஸ்ட் குளிர்காலம். ஊர் நீச்சல்குளத்தை மூடிவிட்டதால் மர்ரே ஆற்றில் பயிற்சி. நான் ரப்பர் உடையில் தத்தளிக்க, கோரலி சின்னப் படகில் பக்கத்தில் வருகிறாள், காதுவரை குல்லாய், கையில் தேநீர்.

"கையை நீட்டி இழுடி! ஆத்தைத் தடவிக் குடுக்கவா வந்தே?"

ஒரு கூழைக்கடா என்னைத் தாண்டிப் போனது. அது நீந்தக்கூட இல்லை, சும்மா மிதந்தது.

கரையேறியதும் சொன்னாள், "டிக்கெட் போட்டுட்டேன். நானும் நியூசிலாந்து வர்றேன். சைக்கிள் பம்பு தூக்க உனக்கு ஒரு ஆள் வேணுமில்ல." நான் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினேன். குளிர் என்றேன். அவள் உடனே அவளுடைய துண்டைக் கொடுத்தாள். இந்தப் பெண்ணிடம் குளிர் என்ற வார்த்தையை நான் சொல்லவே கூடாது.

செப்டம்பர் 29, ஞாயிறு

பச்சையும் மஞ்சளுமாக நாட்டுச் சீருடை வந்தது. தொப்பைமேல் NOSKE. நடுவில் இருக்கும் S மட்டும் மற்ற எழுத்துகளைவிட அகலம். காரணம் அச்சு இல்லை.

அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, கழற்றிவிட்டு, தேங்காய்த் துருவலில் புரட்டிய ஆறு லாமிங்டன் கேக்கை டப்பாவில் எடுத்துக்கொண்டு கோரலி வீட்டுக்குப் போனேன். இன்று சொல்லியே தீருவது. நாற்காலியில் உட்கார்ந்தேன். "கோரலி" என்றேன். "என்ன?" என்று பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். "லாமிங்டன் நேத்து செஞ்சது, கொஞ்சம் காஞ்சிருக்கும்" என்றேன்.

நாலு லாமிங்டனை நானே தின்றுவிட்டு வந்தேன். கோழை. கோழை மட்டுமில்லை, தீனிப்பண்டாரம்.

நவம்பர் 13, புதன்

ஆக்லாந்து விமான நிலையம். அறிவிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அறிவிக்கச் சொல்லும் படிவம். அபராதத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் எழுதினேன்: தேநீர்ப் பை, ஓட்ஸ் கட்டி, மூக்குக்கு விடும் மருந்து, சைக்கிள். அதிகாரிப் பெண் சைக்கிளைக் கவிழ்த்து டயரில் ஒட்டியிருந்த எங்கள் ஊர்ச் செம்மண்ணைக் காட்டினாள். "இது என்னம்மா?"

"அறியாம வந்துடுச்சுங்க," என்று கைகட்டி நின்றேன்.

"இவ பாவம், ஆபீசர்," என்றாள் கோரலி. "இவளுக்கு எதையும் மறைக்கவே தெரியாது."

சைக்கிளைக் கழுவித் தந்தார்கள். என்னையும் சேர்த்துக் கழுவியிருக்கலாம்.

நவம்பர் 15, வெள்ளி

ரோட்டருவா. ஊர் முழுக்க அழுகின முட்டை வாசனை. பூமிக்கு அடியிலிருந்து கந்தகம் வருகிறதாம். நேற்று விடுதியில் இறங்கியதும் நான் என் ஷூவைத்தான் சந்தேகப்பட்டேன்.

மற்ற நாட்டுப் பெண்களைப் பார்த்தேன். என் வயதுதான். கால்கள் மட்டும் வேறு யாருடையவோ. கோரலி வேலியைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த ஜப்பான்காரியை நான் பிடிச்சிருப்பேன்," என்றாள் மெதுவாக. நான் ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 16, சனி

போட்டி முடிந்தது. எழுத்து கோணலாகத்தான் வரும். இருக்கட்டும்.

ஏரித் தண்ணீர் கத்தி மாதிரி குளிர்ந்தது. முதல் மிதவைக்கு முன்பே எல்லாரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒருத்தி என் தலைமேல் ஏறியே போனாள். இரண்டாவது மிதவைக்கிட்ட மூக்கில் தண்ணீர் ஏறி, ஏரி நடுவில், பெரிய தும்மல்.

தும்மல்.

மைக்கில் அந்த ஆள் தும்மினது கோரலிக்கு எப்படித் தெரியும்? காரில் இருந்தவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நான் சொல்லவில்லையே. நான்தான் எதுவும் காதில் விழாமல் வாழைப்பழம் தின்றவளாயிற்றே! ட்ரெவர் அன்றைக்கு வரவே இல்லை. எங்களுக்குத் தெரிந்தவர் வேறு யாரும் அந்த அரங்கில் இல்லை. அப்படியென்றால் — ஐயோ.

நாற்பது கிலோமீட்டர் சைக்கிளும் அந்த 'ஐயோ'வோடுதான் மிதித்தேன். எதிர்காற்று, ஏற்றம், எதுவும் ஞாபகமில்லை. எட்டு மாசமா தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் படகுல வந்தா. தெரிஞ்சேதான் துண்டு குடுத்தா.

ஓட்டத்தில் கடைசி இரண்டு கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்குள் கோட்டைத் தாண்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். கடிகாரத்தில் மூன்று மணி நாற்பத்துமூன்று. வேலி ஓரத்தில் கோரலி, கையில் பம்பு.

நின்றுவிட்டேன்.

"எனக்குக் கேட்டுச்சு கோரலி! மூணு தடவையும் கேட்டுச்சு! வாழைப்பழமே கிடையாது! நான் வேணும்னேதான் பேசாம இருந்தேன்!"

நியூசிலாந்தே திரும்பிப் பார்த்தது. கோரலி பம்பைத் தூக்கினாள், அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"தெரியும்டி! இப்ப ஓடு!"

"நீ கதவுகிட்ட நின்னியா? நின்னியா?"

"நின்னேன்! கடிகாரம் நிக்கல! ஓடு, கழுதை! அழறதை அப்புறம் வச்சுக்கோ!"

அழுதுகொண்டேதான் ஓடினேன். மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது நொடி. என் பிரிவில் அறுபத்தொரு பேரில் அறுபத்தொன்றாவது. ஒருத்தர் கழுத்தில் பதக்கம் போட்டார். ரொம்பக் கனம்.

சாயங்காலம் விடுதியில் கோரலி முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ரெண்டாவது தடவை கூப்பிட்டப்பவே ஸ்வெட்டரோட வந்துட்டேன். உன் தலை தெரிஞ்சுது. இப்ப கத்துவா, இப்ப கத்துவான்னு பாத்தேன்."

"நீ ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"குடுத்திருக்கலாம். முட்டி அன்னிக்கே போயிடுச்சு. குரல் குடுத்தா ஓடியாகணும். பயந்துட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நீ வாயத் தொறக்காததுக்கு என் முட்டி காரணமில்ல."

உருகின ஐஸுக்குப் பதில் வேறு ஐஸ் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எட்டு மாசம்டி. ஒவ்வொரு பார்பெக்யூலயும் அந்தக் கதையை யாருக்குச் சொன்னேன்னு நெனச்சே? உனக்குத்தான். இன்னிக்காவது சொல்லுவா, இன்னிக்காவது சொல்லுவான்னு. நீ சாலட்டை எடுத்து நீட்டினே."

விளக்கை அணைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள். "ஓடுன்னு சொன்னது ஓடறதுக்கு. மன்னிச்சேன்னு நெனச்சுக்காத."

நவம்பர் 18, திங்கள்

விமானத்தில் அவள் இருக்கையை மாற்றிக்கொண்டு முன் வரிசைக்குப் போய்விட்டாள். முட்டியை நீட்ட இடம் வேண்டும் என்று பணிப்பெண்ணிடம் சொன்னாள். இருக்கலாம்.

நவம்பர் 21, வியாழன்

பேக்கரிக் கதவில் இருந்த படத்தைக் கிழித்தேன். பேரி பதறினார். "கடைசியா வந்தேன், பேரி. போனதே கோரலியோட இடத்துல" என்று முழுவதையும் சொன்னேன், ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஐந்து பேர் கேட்க. ஐந்து பேரும் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். கோரலி வீடு ஊருக்குள்தான் இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

கோரலியிடமிருந்து போன் இல்லை. வேலைநாளில் தினமும் பத்தரைக்கு ஃபிங்கர் பன் வாங்க வருகிறவள், ஊர் திரும்பியதிலிருந்து வரவில்லை. ஒன்றைத் தனியாக எடுத்துவைத்து, சாயங்காலம் நானே தின்கிறேன். இந்தத் துக்கத்தில் இளைக்கவும் இல்லை.

டிசம்பர் 7, சனி

போன். கோரலி.

"செவ்வாக்கிழமை காலைல அடிலெய்டு ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்ட ஒரு ஆள் வேணும். உன்னைத் தவிர எல்லாருக்கும் வேலை இருக்காம்."

எனக்கும் வேலை இருந்தது. "எத்தனை மணிக்கு?" என்றேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் கோரலி பேசியது இரண்டே வாக்கியம். ஒன்று, "லாரி வருது." இன்னொன்று, "ஊர்ல சொல்லிட்டியாமே." ஆமாம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இங்கே ஏசி எலும்பைத் துளைக்கிறது. நான் குளிர்கிறது என்று சொல்லவில்லை. செத்தாலும் சொல்லமாட்டேன். சுமார் இருபது பேர் காத்திருந்தார்கள். கோரலி எழுந்து, அவளுடைய ஸ்வெட்டரை நாற்காலியில் போட்டுவிட்டு, கழிப்பறைக்கு நொண்டிக்கொண்டு போனாள். கதவு சாத்தியது. உடனே பட்டியலோடு நர்ஸ் வந்தாள்.

"கோரலி டன்ஸ்டன்?"

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை மேலே போயிருந்தது.

"இருக்கா! இங்கதான் இருக்கா! டாய்லெட்ல இருக்கா, இப்ப வந்துடுவா! அடுத்த பேருக்குப் போயிடாதீங்க!"

இருபது பேரும் பார்த்தார்கள். ஒரு பெரியவர் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டார். "பரவால்லம்மா, அவசரமில்ல, மெதுவா வரட்டும்" என்றாள் நர்ஸ், என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்து.

கழிப்பறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "கேக்குதுடி! ஊருக்கே கேட்டுச்சு!"

வெளியே வந்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, நர்ஸின் பின்னால் போனாள்.

நான்கு மணிக்கு மேல்தான் பார்க்க விடுவார்களாம். இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.