மிஷினைத் தேர்ந்தெடுத்தவன் நீ

கலியபெருமாள், என் மச்சானே,

மச்சான் என்று எழுதிவிட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. கோர்ட்டு விட்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன், தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போவதே இல்லை. நம் மிஷின் பீரோ மேல் கிடக்கிறது. என் பெண்சாதி ஸ்டெல்லா அதைப் பழைய புடவையால் மூடி வைத்திருக்கிறாள். ஏன் எடுப்பதில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். நான் கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா. நீ கட்டுமரக்காரன். மழை விட்ட ஒரு ஐப்பசி சாயங்காலம், இடிந்த கோட்டைப் பக்கம் மணலில் பொறுக்கிய செப்புக்காசு ஒன்றை என் முன்னால் நீட்டி, "இது என்னா காசு, படிச்சுச் சொல்லுங்க" என்றாய். டச்சுக்காரர்கள் காலத்துக் காசு. அன்றைக்குப் பிடித்தது நம் இருவருக்கும் பைத்தியம். ஒரே மாதத்தில் நான் உனக்கு மச்சான் ஆகிவிட்டேன். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், நீ மாரியம்மனைக் கும்பிடுகிறவன். அதை நாம் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் மிஷின் ஒன்று வாங்கலாம் என்ற யோசனை என்னுடையது. சிதம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஒருவரிடம் இரண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். ஒன்று உலக யுத்தத்தில் கண்ணிவெடி தேடியது. பேட்டரிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு மணலில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா? இன்னொன்று அவரே டிரான்சிஸ்டர் வைத்துச் செய்தது. ஒரு மரப்பெட்டி, ஒரு கழி, அதன் நுனியில் செப்புக்கம்பி சுற்றிய தட்டு. கைப்பிள்ளை விளையாட்டுச் சாமான் போலிருந்தது.

"மச்சான், அவசரப்படாத" என்றாய். அவரிடம் ஒரு ஆணி கேட்டு வாங்கினாய். மடியிலிருந்து நம் செப்புக்காசை எடுத்தாய். இரண்டையும் கடைக்குப் பின்னால் மண்ணில் தனித்தனியாகப் புதைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாய். துடுப்புக் காம்பில் காதை வைத்தே தண்ணீருக்குள் மீன் கூட்டம் போவதைக் கண்டுபிடிக்கிறவன் நீ. ஒவ்வொரு மிஷினையும் நாலைந்து தடவை ஆட்டிப் பார்த்தாய்.

"பெருசு ரெண்டுக்கும் ஒரே மாதிரி கத்துது. சின்னது ஆணிக்கு ஒரு சத்தம், காசுக்கு ஒரு சத்தம் குடுக்குது. பெருச வாங்கினா நாள் பூரா ஆணிதான் தோண்டணும்."

"அது பட்டாளத்துச் சாமான்டா!"

"பட்டாளத்துக்காரன் வெடியத் தேடினான். நாம காசைத் தேடறோம். ஈர மணல்ல அந்த எடையத் தூக்கிட்டு எவ்ளோ நேரம் நடப்ப?"

ரேடியோக்காரர் சிரித்துவிட்டார். "நானே இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன் சார். இவர் சொல்றதுதான் சரி" என்றார். சின்னதை வாங்கினோம்.

அந்த இரண்டு வருஷம்! அலை மணலை அரித்துக்கொண்டு போன நாட்களில் ஆணி, வலையில் கட்டின ஈயக்குண்டு, பித்தளைப் பொத்தான், நடுநடுவே காசு. பெரிய புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நான் சட்டம் பேசுவேன். "மொதல்ல கெடைக்கட்டும்" என்பாய். நான் தட்டை ஆட்டுவேன், நீ கேட்பாய். "இங்க" என்று நீ காலால் கோடு போட்ட இடத்தில் காசு இல்லாமல் போனது ரொம்பக் குறைவு.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டம்.

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மாடியில் பழங்காசு சேர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். வக்கீல், டாக்டர், ரிட்டயரான பெரிய உத்தியோகஸ்தர். நம் காசுகளையும் மிஷினையும் கொண்டு வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. நீ வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தாய். வழியெல்லாம் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாய்.

அங்கே எனக்கு நாற்காலி போட்டார்கள். நீ கதவோரம் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "மிலிட்டரி மிஷினை விட்டுட்டு இதை எப்படி செலக்ட் பண்ணினீங்க?" என்று வக்கீல் கேட்டார். ஆணியும் காசும் புதைத்துப் பார்த்த கதையைச் சொன்னேன். நான் புதைத்தேன், நான் கேட்டேன், நான் முடிவு செய்தேன் என்று சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு அது இனித்தது.

அப்புறம் டாக்டர் உன்னைக் காட்டி, "இவர் யாரு?" என்றார்.

"அவனா? பொட்டி தூக்கிட்டு வர்ற ஆளு சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. 'என் மச்சான், இவன் காதுதான் எல்லாம்' என்று சொல்லியிருந்தால் அவர்கள் ஒன்றும் எழுந்து போயிருக்க மாட்டார்கள். காப்பி வந்தது. உனக்கு வரவில்லை. நான் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியது, ஆலப்பாக்கம் தாண்டியது, நீ ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாய். கடலூர் வந்ததும் பெட்டியோடு எழுந்தாய்.

"எறங்குங்க சார்" என்றாய்.

அதற்குப் பிறகும் நாலு மாதம் நீ கடற்கரைக்கு வந்தாய். கேட்டாய், கோடு போட்டாய், தோண்டினாய். சார், இங்க. சார், ஆணி. சார், நேரமாச்சு. வார்த்தையில் கோபமே இல்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். பொங்கல் கழியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு ஈஸ்டர் கழியட்டும் என்று நினைத்தேன். சித்திரையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்து, பத்தே நாளில் போய்விட்டாய். உன்னைத் தூக்கிப் போகும்போது கூட்டத்தின் கடைசியில் நின்றேன். பதினாறாம் நாளுக்கு வரவில்லை. வர முகமில்லை.

போன மாதம் சிதம்பரம் போனேன். அதே மாடியில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினைத் தேர்ந்தெடுத்தது நீ, காசுகளைக் கண்டுபிடித்தது நீ, உன்னைப் பொட்டி தூக்கி என்றது நான். டாக்டருக்கு உன்னை நினைவே இல்லை. "அதுக்கென்ன சார், உட்காருங்க, காப்பி ஆறுது" என்றார் வக்கீல். நான் காப்பியைத் தொடாமல் இறங்கி வந்தேன்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போய் அஞ்சலையிடம் சொன்னேன். உன் பெண்சாதி கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும் சார். அன்னிக்கே வந்து சொன்னாரு. அழுதாரு."

நீ அழுதாயா, கலியா? பஸ்ஸில் உன் பக்கத்திலேயே இருந்தேனே.

"சிதம்பரத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் தங்கச்சி" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவுங்களுக்கு அவரு யாரு சார்? மச்சான் மச்சான்னு போனவரு திடீர்னு சார் சார்னு பின்னாடி போறதப் பாத்து குப்பத்துல கேலி பண்ணாங்க. என்னா, சம்பளத்துக்குப் போறியான்னு கேட்டாங்க. அவரு வாயே தொறக்கல, உங்கள வுட்டுக் குடுக்கல. சொல்றதுன்னா இங்க வந்து சொல்லுங்க."

அவள் சொன்னது எவ்வளவு நியாயம்! எனக்கு மரியாதை கொடுக்கிற இடத்தில் போய்த்தான் மறுபடியும் நின்றிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு மாடி தேவைப்பட்டிருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை உனக்குத் தலைத் திவசம். வருவேன். உன் அண்ணன் தம்பிகள், உன்னோடு வலை இழுத்தவர்கள், உன்னைக் கேலி பண்ணினவர்கள் எல்லோரும் இருக்கும்போது, என் வாயால் ஒன்று விடாமல் சொல்வேன். ஏசினால் கேட்டுக்கொள்வேன். பந்தியில் உட்காரச் சொன்னால் உட்காருவேன், சொல்லாவிட்டால் வெயிலில் நிற்பேன். சத்தியமாக, பாதியில் கிளம்பி வர மாட்டேன்.

அஞ்சலைக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்ள இன்னும் தகுதி வராத,
லூர்துசாமி